புதுப்பிப்பு: அடுப்புச் சுவருக்குக் கண்ணாடியா டைல்ஸா? முடிவாகிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குக் கண்ணாடி ஒட்டலாமா, டைல்ஸ் போடலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

டைல்ஸ்தான் போட்டோம். கண்ணாடி மேல் எனக்கு ரொம்ப ஆசை, இடுக்கே இல்லாமல் ஒரே துடைப்பில் சுத்தமாகிவிடும். ஆனால் அடுப்புப் பக்கம் டஃபன்டு கிளாஸ்தான் (சூட்டைத் தாங்கும்படி பதப்படுத்திய கண்ணாடி) வேண்டும், அதைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது என்பதால் எங்கள் மூன்று சுவிட்ச் பாக்ஸுக்கும் முன்கூட்டியே துல்லியமாக அளவு கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் சுவரோ நேராகவே இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

கைகொடுத்த யோசனை: நாலடிக்கு இரண்டடி பெரிய டைல்ஸ், இடுக்கை அடைக்கச் சிமென்ட் கிரவுட்டுக்கு (அடைப்புக் கலவை) பதில் எபாக்சி என்ற பிசின் வகைக் கிரவுட். மூன்று வாரமாகத் தினமும் தாளிக்கிறோம், மஞ்சள் கறை இடுக்கில் ஏறவே இல்லை. பழைய சுவரில் சிமென்ட் இடுக்கு மஞ்சளாகிவிட்டிருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

எதிர்பாராதது ஒன்று. எபாக்சியை உடனே துடைக்காவிட்டால் டைல்ஸ் மேல் மங்கலாகப் படலம் பிடித்துக்கொள்கிறது, ஒரு மூலையில் அப்படி ஆகி அதை எடுக்கப் பெரும்பாடாகிவிட்டது. மேஸ்திரியிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடச் சொல்லுங்கள். அப்புறம், அடுப்பு மேடைக் கிரானைட்டும் சுவர் டைல்ஸும் சேரும் இடத்தில் கிரவுட் வேண்டாம், விரிசல் விடும். அங்கே வளைந்துகொடுக்கும் சிலிகோன் சீலன்ட்தான் (ரப்பர் போன்ற அடைப்புப் பசை) சரி.