டெங்குக்குப் பிறகு தலைமயிர் கொட்டுகிறது, பினாஸ்டரைட் குளிசை போடலாமா?

மல்லாவிப் பொடியன்:
வணக்கம் உறவுகளே, வயது 28. மாசியில் டெங்கு வந்து படுத்தேன், சித்திரையிலிருந்து கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றினால் கைநிறைய மயிர் வருகிறது. அம்மா தண்ணீரில்தான் பிழை என்கிறா. ஆனால் அதற்கு முன்பே நெற்றியின் இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கிவிட்டது, அப்பாவுக்கும் இதே தலைதான். கொழும்பிலிருந்து வந்த கூட்டாளி பினாஸ்டரைட் 5 மில்லிகிராம் அட்டை ஒன்று தந்து, நாலாக வெட்டித் தினமும் ஒரு துண்டு போடு என்றான். மனைவிதான் வெட்டித் தருகிறா, அவவுக்கு இப்போது நாலு மாதம். இன்னொன்று, தங்கச்சிக்குப் பின்னந்தலையில் ஐந்து ரூபாக் குத்தி அளவுக்கு வட்டமாக மயிர் இல்லை. அவளுக்கும் இதைக் கொடுக்கலாமா?

பாமசிக்காரன்:
தம்பி, முதலில் அந்த அட்டையை மனைவியிடமிருந்து வாங்கி வையும். வெட்டின, தூளான பினாஸ்டரைட்டைப் பிள்ளைத்தாச்சி தொடவே கூடாது, வயிற்றில் இருப்பது ஆண்பிள்ளை என்றால் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். 5 மில்லிகிராம் வயதானவர்களின் புரஸ்டேட் வீக்கத்துக்கான அளவு, ஆண்களின் பரம்பரைச் சொட்டைக்கு 1 மில்லிகிராம். காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது வேறு கதை, அதற்கு இந்தக் குளிசை ஒன்றும் செய்யாது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நிற்கும். உமக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கலாம். தங்கச்சிக்குக் கொடுக்கவே வேண்டாம். அந்த இடம் வழவழப்பா, செதிலா?

மல்லாவிப் பொடியன்:
வழவழப்புத்தான் அண்ணை. அட்டையை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன், மனைவியிடம் ஏச்சும் வாங்கியாச்சு.

குளக்கட்டு அக்கா:
அப்படியென்றால் புழுவெட்டாக இருக்கும், தோல் டொக்டரிடம் காட்டுங்கோ. சின்ன வட்டத்துக்குப் பெரும்பாலும் அந்த இடத்திலேயே ஸ்டெராய்ட் ஊசி போடுவார்கள். தலையில் பெரும்பகுதி போனவர்களுக்குத்தான் பாரிசிட்டினிப் போன்ற குளிசை, அமெரிக்காவில் 2022இல் அனுமதித்தது, நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து என்பதால் பிளட் டெஸ்ட் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். செதிலும் முறிந்த மயிருமாக இருந்தால் அது பூஞ்சணம், அதற்குக் கிரிசியோபுல்வின் மாதிரிக் குளிசை வாரக்கணக்கில் போடவேண்டும், பூசுகிற கிறீம் மட்டும் காணாது. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் சீப்பெல்லாம் மயிர். காசு கொடுத்துப் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை வாங்கி விழுங்கினேன், கடைசியில் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவு. பயோட்டின் போடுகிற ஆட்கள் தைரொயிட் டெஸ்டுக்கு முன் டொக்டரிடம் சொல்லுங்கோ, முடிவைப் பிழையாகக் காட்டும்.

மாங்குளம் மச்சான்:
நான் இரண்டு வருடமாக 1 மில்லிகிராம் போடுகிறேன். முதல் ஐந்து மாதம் ஒன்றும் தெரியவில்லை, பிறகு கொட்டுவது நின்றது, உச்சியில் கொஞ்சம் அடர்த்தி. நெற்றி அப்படியேதான், அதில் ஏமாறாதே. விட்டால் ஒரு வருடத்துக்குள் பழைய நிலை. சிலருக்கு ஆசை குறையும், மனமும் சோரும், அப்படி வந்தால் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல். மினொக்சிடில் குளிசை என்றும் ஒருவன் சொல்வான், அது முதலில் பிறெஷருக்கு வந்த மருந்து, குறைந்த அளவில் மயிருக்குக் கொடுக்கிறார்கள், எனக்குக் கால் வீங்கி விட்டுவிட்டேன்.

மல்லாவிப் பொடியன்:
சரி, ஆவணி வரை பொறுத்துப் பார்க்கிறேன். தங்கச்சியை வாற கிழமை வவுனியாவுக்குக் கூட்டிப்போகிறேன். அம்மா இன்னும் கிணற்றைத்தான் பேசிக்கொண்டிருக்கிறா.