ஆலமரத்து வீடு குழுவில் ஒரு சுகியாக்கி

கார்த்தி, மாலை 6:05
🎤 குரல் பதிவு 0:14
தாத்தா, இது என்ன பாட்டு, சொல்லுங்கள் பார்ப்போம். இங்கே ஜப்பானில் கெய்க்யூ கவாசாகி ஸ்டேஷனில் ரயில் வரும்போது இந்த மெட்டைத்தான் போடுகிறார்கள்.

அம்மா
இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா? சாப்பிட்டாயா?

தாத்தா
டேய், இது சுகியாக்கி! எஸ்எஸ்எல்சி படிக்கும்போது பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டது. கடைசியில் விசில் அடிப்பானே, அதுதானே?

கார்த்தி
அதேதான் 👏 பாடியவர் கியூ சகாமோட்டோ.

சுதா சித்தி
சுகியாக்கி என்றால் ஏதோ சாப்பாடு இல்லையா?

கார்த்தி
ஆமாம் சித்தி. மாட்டிறைச்சியை மெல்லிசாக நறுக்கி, சோயா சாஸ், சர்க்கரை சேர்த்து மேஜையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடுவார்கள். பாட்டில் அந்த வார்த்தையே கிடையாது. உண்மையான தலைப்பு ‘உஏ ஓ முயித்தே அருக்கோ’. கண்ணீர் கீழே சிந்தாமல் இருக்க அண்ணாந்து பார்த்தபடி நடப்போம் என்று அர்த்தம்.

மீனா
அழுகிற பாட்டுக்கு எதற்குக் கறிக்குழம்பு பெயர்?

கார்த்தி
இங்கிலாந்தில் பை ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு கம்பெனிக்காரர் லூயிஸ் பெஞ்சமின் ஜப்பானில் இதைக் கேட்டுவிட்டு, கென்னி பால் குழுவை வைத்து வெறும் வாத்திய இசையாக வெளியிட்டார். ஜப்பானியத் தலைப்பு யார் வாயிலும் நுழையாது என்று தனக்குத் தெரிந்த ஒரு வார்த்தையை ஒட்டிவிட்டார். அமெரிக்காவில் சகாமோட்டோ பாடிய பதிவே வந்தபோதும் அதே பெயர்தான். 1963 ஜூனில் அங்கே பில்போர்ட் பாட்டு வரிசையில் 3 வாரம் முதலிடம். முழுக்க ஜப்பானிய மொழியில்!

சுதா சித்தி
ஒப்பாரிக்கு வத்தக்குழம்பு என்று பெயர் வைத்து விற்ற மாதிரி 😂

தாத்தா
நான் இத்தனை வருடமாகக் காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

கார்த்தி
பலரும் அப்படித்தான் தாத்தா. எழுதியவர் ரோகுசுகே எய். 1960இல் அமெரிக்காவுடன் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து இங்கே பெரிய போராட்டம். அதில் கலந்துகொண்டும் ஒன்றும் நடக்கவில்லையே என்று வீட்டுக்கு நடந்து திரும்பிய வருத்தம்தான் இந்த வரிகள். ஆனால் பாட்டில் போராட்டம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

மீனா
அந்தப் பாட்டை அமெரிக்காக்காரனே தலையில் தூக்கிவைத்து ஆடினானா!!

தாத்தா
பாடிய அந்தப் பையன் இப்போது எங்கே?

கார்த்தி
இல்லை தாத்தா. 1985 ஆகஸ்ட் 12, டோக்கியோவிலிருந்து ஒசாகா கிளம்பிய விமானம் மலையில் மோதி 520 பேர் போய்விட்டார்கள். அதில் இவரும் ஒருவர். 43 வயதுதான். இந்தக் கவாசாகியில் பிறந்தவர், அதனால்தான் ஸ்டேஷனில் இந்த மெட்டு.

சுதா சித்தி
அடப் பாவமே 😔

தாத்தா, மாலை 6:41
🎤 குரல் பதிவு 0:22

மீனா
தாத்தா விசிலடிக்கிறார்!!! சுருதி கூடத் தப்பவில்லை.

சுதா சித்தி
நடுவில் ஒரு பெரிய விசில் கேட்கிறதே, அதுவும் அப்பாவா?

அம்மா
அது குக்கர். மூன்றாவது விசில். கார்த்தி, சாப்பிட்டாயா என்று கேட்டேனே?