ப்ராக்கில் ஒரே நாள்: கோட்டைக்குப் போகலாமா, வேண்டாமா?

வழிப்போக்கி: அம்மாவுக்கு 68, பையனுக்கு 6, கைக்குழந்தை ஒன்று, நாங்கள் இருவர். செக் நாட்டுத் தலைநகர் ப்ராக்கில் ஒரே பகல்தான். கோட்டை, சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம் மூன்றையும் பார்த்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். நடக்குமா?

மூட்டைமுடிச்சு: நடக்கும், ஆனால் கோட்டையை விட்டுவிடுங்கள். நாங்கள் மூன்றையும் பார்த்தோம், என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாலத்திலிருந்து மேடேறி, சோதனை வரிசையில் வெயிலில் நின்று, உள்ளே போவதற்குள் சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள், மாமியார் உட்கார்ந்தவர் எழவே இல்லை. கோட்டைக்குள் இருக்கும், 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்த புனித விட்டஸ் பேராலயத்துக்கு எங்களால் பத்து நிமிடம்தான் ஒதுக்க முடிந்தது!

டிராம்பைத்தியம்: மேடேறி நடந்தது உங்கள் தப்பு, கோட்டை என்ன செய்யும்? 22-ஆம் எண் டிராமில் 'ப்ராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை வரை மேடே கிடையாது. வளாகத்தைச் சுற்ற டிக்கெட்டும் வேண்டாம். இவ்வளவு செலவு செய்து போய்விட்டு ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்துத் திரும்புவதா? ஒன்று, டிராம் டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் விட்டு முத்திரை குத்திவிடுங்கள், நான் மறந்து அபராதம் கட்டியவன்.

மூட்டைமுடிச்சு: ஏறிவிடலாம், இறங்குவது? படிக்கட்டு, இல்லாவிட்டால் கல் பாவிய தெரு. தள்ளுவண்டிச் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டி, கடைசியில் குழந்தையோடு வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம். அந்த நேரத்தில் பாலத்தில் நிதானமாக நடந்திருக்கலாம். அங்கே முப்பது சிலைகள், அதில் ஒன்று நேபோமுக் யோவான் என்ற பாதிரியாருடையது, 1393-இல் அரசன் உத்தரவில் ஆற்றில் தள்ளப்பட்டவர். தொட்டால் நல்லது நடக்குமாம், வருகிறவர்கள் எல்லாம் தொட்டுத் தொட்டு அடியில் இருக்கும் தகட்டில் அந்த இடம் மட்டும் மின்னுகிறது. என் பையன் மூன்று தடவை திரும்பிப் போய்த் தொட்டுவிட்டு வந்தான்.

ஓரமாய்_நிற்பவன்: கோட்டைக்கு ஏன் அடித்துக்கொள்கிறீர்கள், நேரத்தைத் தின்பது கடிகாரம். மணிக்கொரு தடவை அதிலிருக்கும் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணியடிக்கும், அப்போஸ்தலர் (இயேசுவின் சீடர்) பொம்மைகள் ஜன்னலில் வந்து போகும், சேவல் கூவும், அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்குக் கால் மணி நேரம் முன்பே கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும், சின்னப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும்.

டிராம்பைத்தியம்: 1410-லிருந்து இருக்கிற கடிகாரம் ஐயா அது! தோளில் தூக்கிக்கொள்ளட்டும். ஆறு வயதுக்கு எலும்புக்கூட்டைவிட வேறென்ன வேண்டும்?

வழிப்போக்கி: அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "போன டிராமிலேயே திரும்பி இறங்கினால் என்ன?" என்கிறார்.

டிராம்பைத்தியம்: அட, தாராளமாக! அதே 22-இல் கீழே 'மாலோஸ்ட்ரான்ஸ்கே நாமியெஸ்தி'யில் இறங்குங்கள், பாலம் பக்கத்தில்தான்.

மூட்டைமுடிச்சு: இது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, கோட்டைக்குப் போங்கள். தள்ளுவண்டியை மட்டும் அறையிலேயே விட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.