அப்பாவுக்குச் சத்தம் கேட்கிறது, பேச்சுப் புரியவில்லை

கேள்வி (கோவில்பட்டிக்காரன்):
வணக்கம். 71 வயதான என் அப்பா, வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டு எழுந்து போகிறார்; ஆனால் பேத்தி பேசுவது அவருக்குப் புரிவதில்லை. உரக்கச் சொன்னால், ஏன் கத்துகிறாய் என்று கோபிக்கிறார். இணையத்தில் மலிவாக வாங்கிய காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார். தனியார் நிலையம் சொல்லும் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அரசு வழியில் ஏதேனும் உதவி உண்டா?

மறுமொழி (செவியியலர்):
முதுமையில் இது வழக்கமாகக் காணப்படுவதுதான். உட்செவியிலுள்ள நத்தைச் சுருளில், உயர்ந்த அதிர்வெண்களை உணரும் மயிர்ச்செல்களே பெரும்பாலும் முதலில் பழுதடைகின்றன. அதனால் வண்டியின் தாழ்ந்த இரைச்சல் கேட்கும்போதே, சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகளும் குழந்தையின் கீச்சுக்குரலும் நழுவிவிடும். மெல்லொலி கேட்காத அதே காதுக்கு உரத்த ஒலி தாங்க முடியாததாகவும் இருக்கும் என்பதால், அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. மலிவான கருவிகள் பெரும்பாலும் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குபவை. செவித்துணைக் கருவியையோ அவரவர் ஆடியோகிராமுக்கு (கேள்திறன் பரிசோதனையில் கிடைக்கும் வரைபடத்துக்கு) ஏற்பச் சரிசெய்தாக வேண்டும். முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தாலோ செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சிகிச்சையிலேயே கேள்திறன் மேம்படக்கூடும். (இதைப் படிக்கும் பிறருக்கு: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், சளி என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.)

மறுமொழி (ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்):
பரிசோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகுங்கள். இரு காதுகளிலும் இழப்பு 60 டெசிபலை எட்டினால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழ் கோரலாம். அந்த அளவை எட்டாவிட்டாலும், 2017இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 60 வயது கடந்த, வருமானம் குறைந்த முதியோருக்குச் செவித்துணைக் கருவியை இலவசமாக வழங்குகிறது. இத்திட்டத்தின் முகாம் எப்போது நடக்கும் என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கோவில்பட்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. ஒரு காதுக்கு மட்டும் கருவி வாங்கினால் போதுமா?

செவியியலர்:
இரு காதிலும் இழப்பு இருந்தால் இரண்டுக்கும் போடுவதே பொதுவாக நல்லது. கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறிய அது உதவும். ஒன்றுதான் கிடைக்குமென்றாலும் மறுக்க வேண்டாம். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். முதலில் அமைதியான அறையில் சிறிது நேரம் அணியச் செய்து, பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். பேத்தியை எதிரில் அமர்ந்து, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.