பென்சன்காரர் நாவலில் 14 சொந்தக்காரர்: எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கும் பென்சன்காரரை வைத்து நகைச்சுவை நாவல் எழுதுகிறேன். முதல் அத்தியாயத்திலேயே 14 உறவினர் வந்துவிட்டார்கள். வாசித்தவர்களுக்கு ஆர் ஆரெண்டு விளங்கவில்லை. ஆக்களைக் குறைக்கவா?

பதில் 1:
குறைக்காதேங்கோ. ஒரு அத்தியாயத்துக்கு 3 பேருக்கு மேல் புதுசா இறக்காமல் விட்டாலே போதும். பெயரைவிட முறைதான் மனசில நிக்கும். யாழ்ப்பாண வழக்கில் அப்பாவின்ர தங்கச்சியும் மாமி, மனிசியின்ர தாயும் மாமி. "மாமிக்குத் தேத்தண்ணி குடு" எண்டால் எந்த மாமிக்கு? அந்தக் குழப்பத்தை ஒரு காட்சி முழுக்க ஓட விடலாம்.

பதில் 2:
சிரிப்புக்காகப் பென்சன்காரரை முட்டாளாக்கினால் 30 பக்கத்துக்கு மேல் தாங்காது. கந்தோர்ப் பழக்கம் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவாங்கோ: சாவிக்கொத்துக்குப் பதிவேடு, எடுத்த நேரம், கையெழுத்து. முதல்தரம் வெறுமனே காட்டுங்கோ. இரண்டாம்தரம் பேரன் கள்ளக் கையெழுத்து வைக்கட்டும். மூன்றாம்தரம் அந்தக் கையெழுத்தாலேயே கலியாணப் பேச்சு குழம்பட்டும். நாலாம்தரம் வேண்டாம், வாசகர் முந்தியே ஊகிச்சிடுவார்.

பதில் 3:
அந்த உறவினரில் ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஒருத்தி இருந்தால், அவளின் தொலைபேசி அழைப்பில் நேரம் பிழைக்கக்கூடாது. அங்கே கோடையில் இரவு 9 மணியெண்டால் கொழும்பில் மறுநாள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த ஒரு மணித்தியாலத்தில் மனுசன் குளியலறைக்குள் இருப்பார். சண்டையைத் தொடக்க அது காணும்.