பசுமை மின்சாரம் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தேவையா?

பல்லடத்தான்
ஒன்றிய அரசின் 2023 அறிவிக்கைப்படி, மின் விநியோக நிறுவனங்கள் தரும் மின்சாரத்தில் ஒரு பங்கு காற்று, சூரிய ஒளி, நீர் ஆகியவற்றிலிருந்து வந்திருக்க வேண்டும். 2024-25க்கு 29.91 சதவீதம். அது ஏறிக்கொண்டே போய் 2029-30ல் 43.33. நான் ஸ்பின்னிங் மில் நடத்துகிறேன், எங்களுக்கே காற்றாலை உண்டு. அதனால் காற்றாலைக்கு எதிரி என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். மலிவான சரக்கை வாங்க எதற்குக் கட்டாயம்? விலை அதிகம் என்றால் அந்தப் பாரம் கடைசியில் நம் பில்லில்தான் ஏறும்.

கமுதியைப் பாருங்கள். 648 மெகாவாட் சோலாருக்கு 2015ல், யூனிட் 7.01 ரூபாய் என்று 25 வருட ஒப்பந்தம். 2017லேயே தமிழ்நாட்டு டெண்டரில் 3.47 ரூபாய்க்குத் தர ஆள் வந்தார்கள். அவசரப்பட்டு வாங்கியதன் வித்தியாசத்தை இன்னும் பல வருடம் கட்டவேண்டும்.

ஆரல்வாய்மொழி
அண்ணே, அந்த 3.47 எப்படி வந்தது? ஜெர்மனி போன்ற நாடுகள் விலை அதிகமாக இருந்தபோதே சட்டம் போட்டு வாங்கின. அந்தத் தேவையை நம்பித்தான் சீனாவில் பேனல் ஆலைகள் பெருகின, விலை இறங்கியது. எல்லோரும் "மலிவாகட்டும், அப்புறம் வாங்குகிறோம்" என்று உட்கார்ந்திருந்தால் மலிவாகியே இருக்காது.

இன்னொன்று. மலிவாக இருந்தால் தானாக வாங்குவார்கள் என்கிறீர்கள். எங்கள் கணவாய்ப் பக்கம் ஆடி மாதம் வந்து பாருங்கள். நிற்க முடியாத காற்று அடிக்கும். அந்த நேரம் பார்த்து, உற்பத்தியை நிறுத்து என்று போன் வரும். இறக்கையைத் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். 2021ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதை மறக்கக் கூடாது: தமிழ்நாட்டில் சோலார் நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னதில் பெரும்பகுதி கிரிட் பாதுகாப்புக்காக அல்ல, பணக் காரணத்துக்காக என்று கண்டு இழப்பீடும் தரச் சொன்னது. வாங்குபவர் ஒருவரே என்ற நிலையில் விற்பவனுக்கு இருக்கும் ஒரே பிடி இந்தக் கட்டாயக் கொள்முதல் கடப்பாடுதான்.

மின்கணக்கு
இரண்டு பேருக்கும் வணக்கம். மின்துறைக் கணக்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். கட்டாயம் வந்ததால் கெட்டது, நல்லது என்று பேசுகிறீர்கள். கட்டாயம் ஒழுங்காக அமலானதா என்று முதலில் கேட்க வேண்டும். 2003 மின்சாரச் சட்டத்தின் 86(1)(இ) பிரிவே மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சதவீதம் நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. 2010ல் சான்றிதழ் முறையும் வந்தது. நேரடியாக வாங்க முடியாதவர்கள் ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர் செய்யலாம். ஆனால் பல மாநிலங்களில் பாக்கியை அடுத்த வருடத்துக்குத் தள்ளி விடுவதே வழக்கமாகிப்போனது. 2012ல் நம் மாநில சோலார் கொள்கை மில், ஆலை போன்ற உயர் அழுத்த நுகர்வோர் 6 சதவீதம் சோலார் வாங்க வேண்டும் என்றது. 2014 ஜனவரியில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது.

பல்லடத்தான்
ரத்து செய்ய வைத்தது மில்காரர்கள்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை சார். நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் ஜெனரேட்டரில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது போய் சோலாரும் வாங்கு என்றால்?

டாலஸ்வாசி
இங்கே டெக்சாஸில் 1999ல் இதே மாதிரிச் சட்டம் வந்தது. கையெழுத்துப் போட்டவர் அப்போது ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ். 2009க்குள் புதிதாக 2000 மெகாவாட் என்று இலக்கு, பல வருடம் முன்னதாகவே தாண்டிவிட்டார்கள். காற்று அடிப்பது மேற்கே, மக்கள் இருப்பது டாலஸ், ஹூஸ்டன் பக்கம். அதனால் சுமார் 700 கோடி டாலர் செலவில் கம்பித்தடம் போட்டார்கள். அதுதான் திருப்பம்.

பல்லடத்தான்
அதே டெக்சாஸ் 2023ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடச் சட்டம் போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டாலஸ்வாசி
உண்மைதான். இலக்கைப் பல மடங்கு தாண்டிய பிறகு எடுத்தார்கள். காற்றாலை வேரூன்றும் முன்பே எடுக்கவில்லை.

மின்கணக்கு
கம்பித்தடம் என்றதும் நம் கொங்குப் பக்கம் ஞாபகம் வருகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் தடம், 6000 மெகாவாட். தேவைப்பட்டால் இங்குள்ள காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் முடியும். கோபுரம் வந்த நிலங்களின் விவசாயிகள் எவ்வளவு போராடினார்கள் என்பது பல்லடத்தாருக்கு நன்றாகத் தெரியும். பசுமை மின்சாரத்தின் விலையில் அதையும் சேர்க்க வேண்டும்.

என் உண்மையான குறை வேறு. இந்தச் சதவீதம் வருடக் கணக்கு. 2024 மே 2ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. காற்று சீசன் இன்னும் சூடு பிடிக்காத நேரம். ஜூலையில் காற்றாலை கொட்டியதை வைத்து வருடச் சதவீதத்தை எட்டிவிடலாம். ஏப்ரல் மாதம் ராத்திரி ஏழு மணிக்கு அது உதவாது. நிலக்கரியை எரிக்க வேண்டும், இல்லையென்றால் சந்தையில் கேட்ட விலைக்கு வாங்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி
அப்படியானால் சேமிக்க வழி பார்க்க வேண்டும், கடப்பாட்டைக் கைவிடக் கூடாது. கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்றுத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பதுதான் அதன் வேலை. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று. அந்த வேலை இத்தனை வருடம் இழுத்தது ஏன் என்று கேளுங்கள் அண்ணே, நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

பல்லடத்தான்
கேட்கலாம் தம்பி. மாலை உச்ச நேரத்தில் இவ்வளவு பசுமை மின்சாரம் தர வேண்டும் என்று கடப்பாட்டை எழுதினால் நான் எதிர்க்க மாட்டேன். அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. வெறும் வருடச் சதவீதத்துக்காக இன்னொரு 25 வருட ஒப்பந்தம் என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. சொந்தமாக உற்பத்தி செய்பவர்களுக்கும் இந்தக் கடப்பாடு பொருந்தும் என்று 2015ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால் நாங்களும் இதில் மாட்டியிருக்கிறோம்.

மின்கணக்கு
இதை அப்படியே எழுதி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்புங்கள். கட்டண மாற்றத்துக்குக் கருத்துக் கேட்கும்போது மண்டபம் நிரம்பும். கொள்முதல் கடப்பாட்டு வரைவுக்கு எழுதுபவர்கள் குறைவு. மணி வாரியாக அட்டவணை போட நான் உதவுகிறேன். காற்றாலைத் தரவை ஆரல்வாய்மொழித் தம்பி கொடுக்கட்டும்.

ஆரல்வாய்மொழி
தருகிறேன் சார். ஆனால் காற்றாலையை நிறுத்தச் சொன்ன நேரங்களையும் அந்த அட்டவணையில் ஒரு பத்தியாகப் போட வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.