2019 தீர்ப்பு மான்சாண்டோவின் காப்புரிமையை உறுதி செய்ததா?

வைப்பாற்றுக்காரன்:
பருத்தி விதை மரபணுவுக்குக் காப்புரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2019-இலேயே உறுதி செய்துவிட்டதாக நண்பர் வழக்குமன்றத்தான் மறுபடியும் எழுதியிருக்கிறார். அமெரிக்க நிறுவனமான மான்சாண்டோவுக்கும் இந்திய விதை நிறுவனமான நுசிவீடுவுக்கும் நடந்த வழக்கில் அப்படி எதுவும் உறுதி செய்யப்படவில்லை. காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்தி மரபணுவுக்கு மான்சாண்டோ பெற்றிருந்த 214436 எண் காப்புரிமை செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்ற அமர்வு 2018 ஏப்ரலில் கூறியது; சாட்சியங்களை விசாரிக்காமல் அப்படி முடிவெடுத்திருக்கக் கூடாது என்று சொல்லி, 2019 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைத் தனி நீதிபதியிடம் திருப்பி அனுப்பியது. அவ்வளவுதான்.

வழக்குமன்றத்தான்:
செல்லாது என்ற தீர்ப்பே நீக்கப்பட்ட பிறகு காப்புரிமை உயிரோடு இருக்கிறதா, இல்லையா? உயிரோடு இருந்தால் அது உறுதியானதுதான். காப்புரிமை மனுக்களை எழுதியே பிழைப்பவனுக்குத் தீர்ப்பு வாசிக்கக் கற்றுத்தர வேண்டாம், ஐயா.

கரிசல்மகள்:
விதைக்கும் தாவரத்தின் எந்தப் பகுதிக்கும் காப்புரிமை இல்லை என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு சொல்கிறது. செடிக்குள் புகுந்து, ஒவ்வொரு விதையிலும் தொடரும் மரபணு செடியின் பகுதியில்லாமல் வேறென்ன? 2016-இல் அரசு தலையிட்டு 450 கிராம் விதைப் பொட்டலத்துக்கு மான்சாண்டோ தரப்பு வாங்கிய மரபணுக் கட்டணத்தை 49 ரூபாயாகக் குறைக்கும்வரை அந்தச் சுமையை யார் தாங்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வழக்குமன்றத்தான்:
அம்மா, காப்புரிமையில் உரிமை கோரும் 25 முதல் 27 வரையிலான கோரிக்கைகள் செடியைப் பற்றியவை அல்ல, மரபணுவாக அமையும் நியூக்ளிக் அமில வரிசையைப் பற்றியவை. கட்டணத்தை வெட்டினால் புதிய தொழில்நுட்பத்தை யார் கொண்டுவருவார்? இளஞ்சிவப்புக் காய்ப்புழு மீண்டும் வயலை அழிக்கும்போது 49 ரூபாயா காப்பாற்றும்?

வைப்பாற்றுக்காரன்:
புழுவைக் காட்டிப் பேச்சை மாற்றாதீர்கள். அந்த வரிசை 3(ஜே) பிரிவுக்குள் வருமா என்பது நிபுணர் சாட்சியத்தோடு விசாரிக்க வேண்டிய கேள்வி என்பதால்தான் வழக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அந்த விசாரணை முடிவதற்குள் 2019 நவம்பரில் காப்புரிமைக் காலம் தீர்ந்தது. 2021-இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. ஆகவே, விதைக்குள் இருக்கும் மரபணு யாருடையது என்ற கேள்விக்கு அந்த வழக்கில் இறுதி விடை கிடைக்கவே இல்லை. விடை கிடைத்துவிட்டதாக நீங்கள் எழுதுவதை நம்பும் விவசாயி, 2001-ஆம் ஆண்டுத் தாவர வகைகள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு தனக்குத் தந்திருக்கும் விதைச் சேமிப்பு உரிமையைக் கேட்கவே அஞ்சுவார் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பெப்சிகோ நிறுவனத்தின் உருளைக்கிழங்கு வகை பற்றிய விவாதத்திலும், இதே 2001 சட்டத்தின்கீழ் பெற்ற தாவர வகைப் பதிவைக் காப்புரிமை என்றே சாதித்தவர் நீங்கள்.

வழக்குமன்றத்தான்:
அந்தப் பதிவை ரத்து செய்த உத்தரவு 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

கரிசல்மகள்:
அந்த உருளைக்கிழங்கைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மீது போட்ட வழக்குகளை அந்த நிறுவனம் 2019-இல் திரும்பப் பெற்றதை நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள்?

வைப்பாற்றுக்காரன்:
உருளைக்கிழங்கு இருக்கட்டும். காப்புரிமை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறிய பத்தியின் எண்ணைக் கேட்கிறேன், இன்னும் வரவில்லை.

வழக்குமன்றத்தான்:
தீர்ப்பு முழுவதையும் படியுங்கள்.